முதல் தடவை ஒரு சபைக்குப் போகிறீர்களா? எப்போது எழுவது, எப்போது கைதட்டுவது, எப்போது சும்மா இருப்பது

கல்யாணமாகிப் போன வீட்டில் வேறு சபை. வேலைக்காகக் குடிமாறிய ஊரில் நம் சபையே இல்லை. அல்லது நண்பர் கூப்பிட்டார், கிறிஸ்தவ ஆராதனை எப்படித்தான் இருக்கும் பார்ப்போமே என்று கிளம்புகிறீர்கள். காரணம் எதுவானாலும் முதல் நாள் பயம் ஒரே மாதிரிதான். எல்லாரும் எழும்போது நான் மட்டும் உட்கார்ந்திருந்தால்? எல்லாரும் கைதட்டும்போது என் கை எழவில்லை என்றால்? பக்கத்தில் இருப்பவர் கண்ணீர் விட்டு ஜெபிக்கும்போது நான் எங்கே பார்ப்பது?

நான் வளர்ந்தது சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையில். அப்புறம் உறவு, கல்யாணம், துக்கம், வேலை என்று பல வகைச் சபைகளில் உட்கார்ந்து எழுந்தாகிவிட்டது. அதில் தெரிந்துகொண்டது இதுதான்: அமைதியானது என்று பெயரெடுத்த சபையிலும் ஒருவர் தன் மனசைத் திறக்க ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சத்தமானது என்று பெயரெடுத்த சபையிலும் எங்கும் எழுதிவைக்காத ஓர் ஒழுங்கு இருக்கிறது. புதிதாகப் போகிறவர் தேட வேண்டியது இந்த இரண்டையும்தான். தமிழ்நாட்டுச் சபைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. போகும் முன் பெயர்ப்பலகையைப் படியுங்கள்

பலகையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கத்தோலிக்கக் கோயில் என்றால் திருப்பலி, அதாவது பூசை. ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒழுங்கு முன்பே வகுத்தது, வாசகங்களும் அந்த நாளுக்கு என்று குறித்தவை. சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போனாலும் ஞாயிறு கணக்கில் சேரும்.

சி.எஸ்.ஐ. என்றால் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உண்டான சபை இது. ஒன்றாகச் சேர்ந்தார்களே தவிர பழைய வாசனை போகவில்லை. திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கன் மரபு. முழங்கால்படியிடுதல், ஆராதனைப் புத்தகம், அங்கி எல்லாம் கறாராக இருக்கும். கன்னியாகுமரிப் பக்கம் லண்டன் மிஷன் மரபு, மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன் மரபு. அங்கெல்லாம் பிரசங்கத்துக்குக் கனம் அதிகம், சடங்கு குறைவு. ஒரே பலகை, ஒரே சபை என்றாலும் ஊருக்கு ஊர் வாடை மாறும்.

லுத்தரன் சபை 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் வந்திறங்கியதிலிருந்து கிளைத்தது. அவர் காலத்தில், 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. புத்தகம், ஞானப்பாட்டு, பிரசங்கம் என்று சி.எஸ்.ஐ.க்குப் பழகியவருக்கு இங்கே பெரிய அதிர்ச்சி இருக்காது.

பெந்தெகொஸ்தே, ஏ.ஜி. (அசெம்பிளீஸ் ஆஃப் காட்), பெயரில் ‘ஜெப வீடு’ என்றோ ‘ஊழியங்கள்’ என்றோ வருகிற தனிச் சபைகள் என்றால் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குத் தயாராகப் போங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. ஆனால் அன்றைக்கு உபவாச ஜெபமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாரும் பட்டினியாக இருக்கும் இடத்தில் இட்லி வாசத்தோடு போய் நின்றால் உங்களுக்கே சங்கடம்.

பிரதரன் சபையில் குருவானவர் என்று ஒருவர் கிடையாது. சகோதரர்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து ஒரு பாட்டைச் சொல்வார், ஒரு வசனத்தை வாசிப்பார், உட்கார்ந்துவிடுவார். நடுநடுவே நீண்ட மௌனம். அடுத்து என்ன என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். மைக்கில் வழிநடத்தும் ஆராதனைக்குப் பழகியவருக்கு முதலில் ஏதோ தடைபட்டுவிட்டது போலத் தோன்றும். தடைபடவில்லை, அதுதான் ஆராதனை.

இரட்சணிய சேனையில் சீருடை, மேளம், கைத்தாளம். அவர்கள் 1882இல் இந்தியாவுக்கு வந்தபோது வந்த வெள்ளைக்காரர்கள் இந்திய உடையும் இந்தியப் பெயரும் தரித்துக்கொண்டு தெருவில் பாடிப்போனவர்கள்.

எந்தச் சபையானாலும் முதல் தடவைக்குச் சாதாரண ஞாயிறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஊரே சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை நாட்களில் போனால் கூட்டத்தைத்தான் பார்க்கலாம், சபையைப் பார்க்க முடியாது.

2. உடை, செருப்பு, தலைத்துணி

சுத்தமான, அடக்கமான உடை போதும். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தால் கழற்றுங்கள், இல்லாவிட்டால் அப்படியே போகலாம். ஆண்கள் தொப்பியையும் தலைப்பாகையையும் எடுத்துவிட வேண்டும். பெண்கள் முந்தானையோ துப்பட்டாவோ கைவசம் வைத்துக்கொண்டால் எங்கும் சமாளிக்கலாம். பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகளில் தலையை மூடுவதைப் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். நகரத்து சி.எஸ்.ஐ.யில் மூடியவரும் மூடாதவரும் கலந்தே இருப்பார்கள்.

டி.பி.எம். என்று சொல்லப்படும் பெந்தெகொஸ்தே மிஷன் சபையில் வெள்ளைவெளேரென்ற உடையில், ஒரு பொட்டு நகை இல்லாமல், ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகப் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். 1920களில் கொழும்பில் தொடங்கிய சபை. பெரியவர்கள் இன்னும் ‘சிலோன் பெந்தெகொஸ்தே’ என்றுதான் சொல்வார்கள். நீங்கள் கலர் சட்டையோடும் தாலிச் சங்கிலியோடும் போனால் யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் நீங்கள் புது ஆள் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். அதில் ஒரு வசதியும் உண்டு, நீங்கள் தடுமாறினால் உதவிக்கு ஆள் வரும்.

3. எங்கே உட்கார்வது

முன்வரிசை வேண்டாம், கடைசி பெஞ்சும் வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்தால் மற்றவர்கள் எப்போது எழுகிறார்கள் என்று பார்க்க ஆள் இருக்காது. கடைசி பெஞ்ச் பல ஊர்களில் பத்து இருபது வருஷமாக யாரோ ஒரு தாத்தாவின் இடம். நடுவுக்குச் சற்றுப் பின்னால், நடைபாதை ஓரமாக உட்காருங்கள். ஆண் பெண் தனித்தனியா, குடும்பமாகவா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அமருங்கள்.

இடம் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். 1910இல் அந்தச் சுவரை இடித்தார்கள். யாராவது உங்களிடம் ‘நீங்க எந்தப் பக்கத்து ஆளு’ என்று நைசாகக் கேட்டு இடம் காட்ட வந்தால், அதை ஆராதனை முறை என்று நினைத்து ஏற்றுக்கொள்ள வேண்டாம். வசதியான இடத்தில் உட்காருங்கள்.

உட்கார்ந்ததும் பலர் தலைகுனிந்தோ முழங்காலிலோ ஒரு சின்ன ஜெபம் செய்வார்கள். கத்தோலிக்கர் நுழையும்போதே பீடத்தை நோக்கி ஒரு காலை மண்டியிட்டு, சிலுவை அடையாளம் போடுவார்கள். உங்களுக்கு வழக்கம் இல்லை என்றால் தலையை வணங்கி உட்கார்ந்தால் போதும். புரியாமல் செய்கிற சிலுவை அடையாளத்தைவிட மரியாதையான தலைவணக்கம் மேல் என்பது என் கருத்து.

4. பாட்டு: இங்கேதான் நிறைய வித்தியாசம்

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கும், அதில் எண்கள். அன்றைய பாட்டுகள் அவைதான். இப்போது பல இடங்களில் திரையும் வந்துவிட்டது. பாமாலை என்றால் மேல்நாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு. எழுந்து நின்று, ஆர்கனோடு சேர்ந்து, நான்கு வரியும் ஒரே சீராகப் போகும். இதில் கைதட்டினால் ஒட்டாது. கீர்த்தனை என்றால் நம் ராகம், நம் தாளம். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் பாடி வளர்த்த மரபு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று போகும். ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புவார்கள். புதியவருக்கு இது பெரிய வரம். சரணங்களை விட்டுவிடுங்கள், பல்லவியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தடவை வரும்போது நீங்களும் வாய்விட்டுப் பாடுவீர்கள். தொடையில் மெதுவாகத் தாளம் போடுவது தப்பில்லை, பக்கத்துத் தாத்தாவும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

பெந்தெகொஸ்தே சபையில் பாட்டு வரிசையாக வரும். முதலில் வேகப் பாட்டுகள்: டிரம்ஸ், கீபோர்டு, கைதட்டு, சில இடங்களில் ஆட்டம். அப்புறம் மெதுவான பாட்டுகளுக்கு இறங்குவார்கள். அங்கே கைதட்டு நின்றுவிடும், கைகள் மேலே போகும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். முதலில் இதென்ன முடிவே இல்லையா என்று தோன்றும். திரும்பப் பாடுவது அவர்கள் முறையில் ஜெபத்துக்கு இறங்கும் படி. வேகப் பாட்டு முடிந்து மெதுவான பாட்டு தொடங்கும் அந்த மாற்றத்தைக் கவனித்துக்கொண்டால் பிறகு ஒன்றும் குழப்பம் இல்லை.

கையைத் தூக்க வேண்டுமா? வேண்டும் என்று தோன்றினால் தூக்குங்கள். பக்கத்தில் இருப்பவர் தூக்குகிறார் என்பதற்காக வேண்டாம். மேடையிலிருந்து ‘எல்லாரும் கையை உயர்த்துங்க’ என்று சொன்னாலும் கட்டாயம் ஒன்றும் இல்லை. கைகூப்பி நிற்பவரை யாரும் குறை சொல்லிப் பார்த்ததில்லை. நம் ஊரில் கைகூப்புவது எந்தச் சபையிலும் செல்லுபடியாகும். 1969இல் இந்தியத் திருப்பலிக்கென்று ரோமாபுரி 12 அம்சங்களுக்கு அனுமதி தந்தபோது, கைகூப்பி வணங்குவது, தரையில் அமர்வது, செருப்பைக் கழற்றுவது, ஆரத்தி எடுப்பது எல்லாம் அதில் இருந்தன.

சி.எஸ்.ஐ.யிலும் இப்போது ஆராதனைக்கு முன்போ நடுவிலோ வாலிபர்கள் கிட்டார், கீபோர்டோடு புதுப்பாட்டுகள் பாடுகிறார்கள். ஒரே பெஞ்சில் பேரன் கைதட்டுவான், தாத்தா முகத்தைச் சுளிப்பார். புதியவர் அந்தச் சண்டையில் கட்சி சேர வேண்டியதில்லை. இருவருக்கும் வேதத்தில் ஆதாரம் இருக்கிறது, அதுவும் அடுத்தடுத்து: 46ஆம் சங்கீதம் அமர்ந்திருந்து அறிந்துகொள்ளச் சொல்கிறது, 47ஆம் சங்கீதம் கைகொட்டி ஆர்ப்பரிக்கச் சொல்லியே தொடங்குகிறது.

இதைச் சொன்னதும் ஓர் எச்சரிக்கை. அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடும் நாளில் மட்டும் எந்தச் சபையிலும் கையைத் தூக்காதீர்கள். வாழைத்தாரோ சேவலோ உங்கள் பெயரில் விழுந்துவிடும். ஒற்றை எலுமிச்சம்பழத்துக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் பெந்தெகொஸ்தே ஆரவாரமே பரவாயில்லை என்று தோன்றும்.

5. ஜெப நேரம்

புத்தகம் வைத்த சபையில் ஜெபம் அச்சில் இருக்கும். பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள், சி.எஸ்.ஐ.யில் அப்போது முழங்காலில் நிற்பார்கள். விசுவாசப் பிரமாணத்துக்கும் சுவிசேஷ வாசிப்புக்கும் எழுந்து நிற்பார்கள். திருப்பலியில் குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திப் பிடிக்கும் நேரம் மண்டியிடுவார்கள். மூட்டு வலி இருந்தால் உட்கார்ந்து தலைகுனிந்தால் போதும். சொல்லத் தெரியாத வரிகளில் வாயை அசைத்து நடிக்க வேண்டாம், கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இந்தச் சபைகளில் தனிப்பட்ட மனசு எங்கே வெளிப்படுகிறது என்று கேட்பார்கள். கத்தோலிக்கக் கோயிலில் திருப்பலிக் கருத்துகளை வாசிப்பதைக் கவனியுங்கள்: இன்னார் ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னார் மகள் தேர்வுக்காக. சி.எஸ்.ஐ.யில் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிப்பார்கள்: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக, பேரன் பிறந்ததற்காக, கல்யாண நாளுக்காக. பெந்தெகொஸ்தே சபையில் அதே ஆபரேஷனை அந்த அம்மாவே மைக்கைப் பிடித்து அழுது சாட்சியாகச் சொல்வார். ஓரிடத்தில் ஐயர் (சி.எஸ்.ஐ.யில் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) ஒரு வரியில் வாசிப்பார், மற்றோரிடத்தில் அந்த அம்மாவின் குரலே பத்து நிமிஷம் பேசும். சொல்ல வந்தது ஒன்றுதான். உங்களுக்கும் சொல்ல ஏதாவது இருந்தால் எந்த வழியில் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கவரில் எழுதிக் கொடுக்கிற சபையில் திடீரென்று எழுந்து பேசினால் எல்லாரும் திகைத்துவிடுவார்கள்.

உடம்பால் பக்தி காட்டுவது பெந்தெகொஸ்தேகாரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர் வேளாங்கண்ணிக்கு ஒரு நடை போய் வரட்டும். மொட்டை போட்டுக்கொண்டு, காவி உடுத்தி, மணல் பாதையில் முழங்காலாலேயே நகர்ந்து போகிறவர்களைப் பார்க்கலாம்.

சத்தமான ஜெபம் முதல் தடவை கேட்பவருக்குத் திகைப்பாகவே இருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பார்கள். சிலர் அந்நிய பாஷையில், அதாவது ஆவியின் ஏவுதலால் வருவதாக நம்பும் கற்காத மொழியில் பேசுவார்கள், சிலர் அழுவார்கள். இது அமெரிக்காவிலிருந்து நேற்று இறக்குமதியானது என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்பவர்கள் காட்டும் லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருக் கூட்டங்கள் 1906இல் தொடங்கின. அதற்கு முந்தின வருஷமே புனே பக்கத்தில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் எழுப்புதல், அதாவது பெரும் பக்தி எழுச்சி. அதற்கும் வெகு முன்பு, 1860இல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் நடத்திய சபைகளில் அந்நிய பாஷையும் தரிசனமும் கண்ணீருமாக ஓர் எழுப்புதல் நடந்தது. ஆக இந்தச் சத்தத்துக்கு நம் மண்ணிலும் வயசு இருக்கிறது. கத்தோலிக்கருக்குள்ளும் கரிஸ்மாட்டிக் கூட்டங்களில் கைதட்டு, கண்ணீர், அல்லேலூயா எல்லாம் உண்டு. காலைத் திருப்பலியில் அசையாமல் நின்றவரே மாலைக் கூட்டத்தில் இரண்டு கையையும் தூக்கி நிற்பதைப் பார்க்கலாம்.

இந்தச் சத்தத்துக்குள் இருக்கும் ஒழுங்கைக் கவனியுங்கள். கீபோர்டு மெல்ல வாசித்துக்கொண்டே இருக்கும். பாஸ்டரின் குரல் மைக்கில் ஏறும்போது கூட்டமும் ஏறும். அவர் குரல் தாழ்ந்து ‘இயேசுவின் நாமத்தில்’ என்று முடிக்கப் போகும்போது சபையும் தானாக அடங்கிவிடும். யாரும் மணி அடிப்பதில்லை. இது தெரிந்தால் பயம் பாதி குறையும். நீங்கள் சத்தமாக ஜெபிக்க வேண்டியதில்லை. கண்ணை மூடி உங்கள் சொந்த வார்த்தையில் மனதுக்குள் பேசுங்கள், அல்லது அமைதியாக நில்லுங்கள். சுற்றிலும் வேடிக்கை பார்ப்பதும் செல்போனில் படம் எடுப்பதும் மட்டும் வேண்டாம்.

கை வைத்து ஜெபிக்க முன்னால் கூப்பிட்டால் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். போனால் கீழே விழ வேண்டும் என்று இல்லை. விழாதவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால், அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுங்கள். யாராவது தலையை அழுத்தித் தள்ளுவது போல் உணர்ந்தால் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்து ‘போதும் பாஸ்டர், தேங்க்ஸ்’ என்று சொல்லி இடத்துக்குத் திரும்பலாம். அது மரியாதைக் குறைவு அல்ல.

அடுத்தவர் பக்தியை எடைபோட மட்டும் இறங்காதீர்கள். வேதத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்த அன்னாளைக் குடிவெறி என்று நினைத்தவர் ஏலி, அவர் ஆசாரியர். உடன்படிக்கைப் பெட்டிக்கு முன் ஆடிய தாவீது ராஜாவை ஜன்னல் வழியாகப் பார்த்து அவமதித்தவள் மீகாள், அவன் மனைவி. இரண்டு கதையிலும் தப்பாகக் கணக்குப் போட்டது பார்த்துக்கொண்டிருந்த ஆள்தான்.

6. ‘புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க’

பல சபைகளில், முக்கியமாகத் தனிச் சபைகளில், இது உண்டு. பெயர், ஊர், யார் அழைத்து வந்தார்கள். இரண்டு வாக்கியம் போதும். ஒரு வசனம் சொல்லுங்க, சாட்சி சொல்லுங்க என்று கேட்டால் ‘இன்னைக்குக் கேட்க வந்திருக்கேன்’ என்று சிரித்தபடி உட்கார்ந்துவிடலாம்.

7. திருவிருந்து, நற்கருணை

இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் ரசமும் பெறும் நேரம் இது. இங்கே மட்டும் கவனம் தேவை. மற்ற இடங்களில் தடுமாறினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், இங்கே தடுமாறினால் மனசு புண்படும்.

கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணை தகுந்த ஆயத்தத்தோடு வரும் கத்தோலிக்கருக்கு மட்டும். வரிசை எழும்போது மற்றவர்கள் வழிவிட்டு உட்கார்ந்திருக்கலாம், அதில் கூச்சமே வேண்டாம். சி.எஸ்.ஐ.யில் பொதுவாகத் திடப்படுத்தல் பெற்றவர்கள், அதாவது தங்கள் விசுவாசத்தைச் சபை முன் உறுதி செய்தவர்கள் எடுப்பார்கள். வேறு சபையில் திருவிருந்தில் பங்கெடுக்கும் உறுப்பினராக இருந்தால் ஐயரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பொதுவாக முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு. பிரதரன் சபையில் வாராவாரம் அப்பம் பிட்குதல் நடக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர் தன் சபையின் கடிதம் கொண்டுவருவது வழக்கம். கடிதம் இல்லாதவர்கள் பின்னால் அமர்ந்து கவனிக்கலாம். இரட்சணிய சேனையில் திருவிருந்தும் கிடையாது, ஞானஸ்நானமும் கிடையாது. முன்னால் ஒரு மரப் பெஞ்சு இருக்கும், மனம் உடைந்தவர்கள் அங்கே போய் முழங்காலிடுவார்கள்.

தட்டோ கிண்ணமோ உங்கள் முன் வந்து நின்றால், வாங்க விருப்பமில்லாவிட்டால் கைகூப்பித் தலையசையுங்கள். அடுத்தவருக்குப் போய்விடும்.

8. காணிக்கை

பை வந்தால் இஷ்டப்பட்டதைப் போடலாம், வெறுமனே கடத்தியும் விடலாம். தசமபாகக் கவர், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு போடும் கவர், உறுப்பினர்களுக்கானது. முதல் நாளே உங்கள் கையில் கவரைத் திணிக்கும் சபையைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

9. அந்தச் சபையில் தொடர்ந்து போக நினைத்தால்

ஞாயிறு ஆராதனையை மட்டும் வைத்து இங்கே எனக்கு இடமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சத்தமாக ஜெபித்துப் பழகி அமைதியான சபைக்கு மருமகளாக வந்தவர்கள் வாரநாள் வீட்டுக்கூட்டத்துக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் போய்ப் பாருங்கள். ஞாயிறன்று புத்தகத்தை விட்டுக் கண்ணெடுக்காத அதே அம்மாக்கள் அங்கே மனம் விட்டு, வாய் விட்டு ஜெபிப்பார்கள். பாடத் தெரிந்தால் பாடகர் குழுவில் சேருங்கள். தலைகீழாக, அமைதிக்குப் பழகி சத்தமான சபைக்கு வந்தவர்களுக்கு விடியற்கால ஜெபம் பொருந்தும். ஆள் குறைவு, மைக் இல்லை. ஈஸ்டருக்கு முந்திய லெந்து (தவக்கால) நாட்களில் சி.எஸ்.ஐ.யில் நடக்கும் தியானக் கூட்டங்களும் அப்படித்தான்.

வீட்டுக்குள் கணவன் ஒரு பாணி, மனைவி ஒரு பாணி என்றால் மாறிமாறிப் போவதை நான் தப்பாக நினைக்கவில்லை. பிள்ளைகள் இரண்டிலும் எப்போது எழ வேண்டும் என்று நம்மைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

10. முடிந்த பிறகு

ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் வரை கிளம்ப வேண்டாம். வாசலில் குருவானவர் நிற்பார். கத்தோலிக்கக் கோயிலில் ‘ஃபாதர்’, சி.எஸ்.ஐ.யிலும் லுத்தரனிலும் ‘ஐயா’, பெந்தெகொஸ்தேயில் ‘பாஸ்டர்’ அல்லது ‘ஐயா’, பிரதரன் சபையில் ‘பிரதர்’. ‘ஸ்தோத்திரம்’ என்றோ ‘பிரைஸ் தி லார்ட்’ என்றோ சொன்னால் அதையே திருப்பிச் சொல்லலாம், ‘வணக்கம்’ என்றாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். போன் நம்பர் கேட்பார்கள், வீட்டுக்கு ஜெபிக்க வரலாமா என்றும் கேட்பார்கள். விருப்பமிருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘இன்னும் ரெண்டு வாரம் வந்து பாத்துட்டுத் தர்றேன் ஐயா’ என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.